ஏலத் திரையில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து?

செவ்வாய்ப்பேட்டையில் ஏலத்துக்குப் பஞ்சமே கிடையாது. செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடின இடம் என்பதால்தான் இந்தப் பேரே வந்தது என்பார்கள். இன்றைக்கும் லீ பஜார் பக்கம் போனால் மொத்த வியாபாரம், மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் போனால் வெல்ல மண்டி. ஓமலூர் வட்டாரத்து ஆலைகளில் காய்ச்சின வெல்லம் சிப்பம் சிப்பமாக வந்து இறங்குது. சரக்கும் கண்ணெதிரே, விலையும் கண்ணெதிரே.

இதே சேலத்தில் வீடும் நிலமும்கூட வாராவாரம் ஏலத்துக்கு வருது. நாளிதழின் உள்பக்கத்தில் கட்டம் கட்டி, எறும்பு எழுத்தில் "சுவாதீன அறிவிப்பு", "அசையாச் சொத்து விற்பனை அறிவிப்பு" என்று வருமே, அதுதான். ஆனால் அந்த ஏலத்தை நம்மில் யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். மண்டபம் கிடையாது, மணி கிடையாது, "ஒரு தரம், ரெண்டு தரம்" கிடையாது. பொதுத்துறை வங்கிகளின் ஏலம் இப்போ பெரும்பாலும் இணையத்தில்தான் நடக்குது. 2019 டிசம்பரில் இதற்காக ஒரு பொதுத் தளம் வந்தது. 2025 ஜனவரியில் அதைப் புதுப்பித்து 'பேங்க்நெட்' என்று பேர் மாற்றினார்கள். ஆக, செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு வீட்டு ஏல மண்டபம் என்றால் இன்றைக்கு ரியல் எஸ்டேட் ஆபீசுதான். பத்துக்கு இருபது அடி அறை, ஒரு லேப்டாப், அதிலிருந்து வயர் போட்டு சுவரில் மாட்டின ஒரு டிவி. சொத்து வாங்க வந்த அண்ணன், தம்பி, மச்சான் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து அந்த டிவியைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த டிவி எத்தனை இஞ்ச் இருக்கணும் என்று ஆபீஸ் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். இந்தக் குறிப்பு அப்படி ஆரம்பித்ததுதான். தோண்டத் தோண்ட, இஞ்ச் கணக்கு சுலபமான பகுதி என்று தெரிந்தது. அந்தத் திரையில் எதைப் பெரிதாகப் போடுறோம், எதை விட்டுடுறோம் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் பத்து வருஷச் சேமிப்பு தொங்குது. முதலில் ஏலத்தில் விலையைக் காட்டுவதும் மறைப்பதும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள்ளே கையைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதை நம்ம பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் விலை இரண்டு கைகளுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடக்கிற மறைமுக ஏலமும் ஒருவகையில் அதற்குத் தம்பிதான். வியாபாரிகள் ஆளாளுக்கு விலையை எழுதிக் கொடுப்பார்கள். பிரித்துப் பார்த்து, அதிக விலை எழுதினவருக்குச் சரக்கு. 1981-ல் தொடங்கிய நம்ம சேலம் சேகோசர்வ் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் நடத்தி வந்ததும் இந்த மாதிரி ரகசிய டெண்டர்தான். மறைக்கிறதில் ஒரு நியாயம் உண்டு. பக்கத்துக்காரன் என்ன எழுதினான் என்று தெரியாததால், சரக்கு உண்மையிலேயே வேணும் என்கிறவன் தன்னால் முடிந்த விலையை எழுதிவிடுவான்.

எல்லாருக்கும் காட்டுகிற வழிக்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் போடிநாயக்கனூர். ஏலக்காய் ஏலத்தை ஸ்பைசஸ் போர்டு 2007-ல் அங்கே மின்னணு முறைக்கு மாற்றியது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரிச் சரக்கு சின்னத் தட்டில் கைக்கு வரும், முகர்ந்தும் உடைத்தும் பார்க்கலாம். முன்னாலே பெரிய திரையில் லாட் எண், அளவு, ஓடுகிற விலை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், திரை அங்கே மாதிரித் தட்டுக்குப் பதிலாக வரவில்லை என்பது. சரக்கைக் கைதான் பார்க்குது, விலையைக் கண் பார்க்குது. நிலத்துக்கு மாதிரித் தட்டு கிடையாது. ஆவணங்கள்தான் அதற்கு மாதிரித் தட்டு. வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பி வரைபடம், யார் உள்ளே குடியிருக்கிறார்கள் என்கிற தகவல். ஆபீஸ் டிவியில் காணாமல் போவதும் இவைதான்.

உலகத்தில் ஏலத்திரைக்குப் பேர் போன இடம் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூச்சந்தை. அங்கே விலை ஏறாது, இறங்கும். பெரிய கடிகார முகத்தில் விலை மேலிருந்து கீழே ஓடும், முதலில் பொத்தானை அமுக்கினவருக்குப் பூ. ஒரு நொடி தாமதித்தால் சரக்கு போச்சு, ஒரு நொடி முந்தினால் காசு போச்சு. அந்த ஊர் ஏலக்காரர்கள் திரையை ஒரு அலங்காரமாகவே நினைக்க முடியாது.

சரி, எல்லாத்தையும் காட்டிவிட்டால் நல்லதா? அங்கேதான் சிக்கல். யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தால், கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குகிறவர்களுக்கு வசதி. "நீ இதை விட்டுடு, நான் அதை விட்டுடறேன்" என்ற பேச்சை யார் மீறினார்கள் என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1996-97-ல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் ஒரு சுவாரசியமான சம்பவம். ரோச்செஸ்டர் ஊருக்கான உரிமத்தின் லாட் எண் 378. அதற்கு இரண்டு கம்பெனிகள் போட்டி. அதில் ஒன்று, சம்பந்தமே இல்லாத அயோவா மாநில உரிமங்களுக்குப் போய் 3,13,378 டாலர் என்றும் 62,378 டாலர் என்றும் கேட்டது. கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்க. "378-ஐ விட்டு விலகு, இல்லாவிட்டால் உன் அயோவா இடங்களில் வந்து விலையை ஏத்துவேன்" என்று அர்த்தம். எதிராளி புரிந்துகொண்டு விலகிவிட்டார். துண்டுக்குள் விரல் பிடிக்கிற வேலையை இவர்கள் எல்லாரும் பார்க்கிற திரையிலேயே செய்துவிட்டார்கள்! அதற்கப்புறம்தான் இஷ்டத்துக்கு எண் போட முடியாதபடி, பட்டியலில் இருக்கிற தொகையை மட்டும் தேர்வு செய்கிற முறை வந்தது.

நம்ம வங்கி ஏல அறிவிப்பில் "ஏலத்தொகை இத்தனை ஆயிரத்தின் மடங்கில்தான் உயர்த்தப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த விதி, அந்த மாதிரி எண் ஜாடைக்கும் வழியடைக்கிறது. ஆகவே ஆபீஸ் திரைக்கு என் முதல் யோசனை: விலையைக் காட்டுங்க, ஏலம் கேட்கிறவர் பேரைக் காட்டாதீங்க. உங்க ஆபீசில் ஒரே சொத்துக்கு இரண்டு வாடிக்கையாளர் இருந்தால், ஒரே டிவி முன்னால் இரண்டு பேரையும் உட்கார வைக்கவும் கூடாது.

இப்போ சட்டம். கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பொறுத்துக்கணும். திரையில் என்ன இருக்கணும் என்பது இதிலிருந்துதான் வருது.

கடன் கட்டாத வீட்டை வங்கி, நீதிமன்றம் போகாமலேயே விற்கலாம் என்று சொல்வது 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டம். முதலில் 60 நாள் கெடு கொடுத்துக் கடிதம். கட்டவில்லை என்றால் சுவாதீனம் எடுப்பார்கள். இந்தச் சுவாதீனம் இரண்டு வகை. ஒன்று, காகிதத்தில் மட்டும். கதவில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் முடிந்தது. உள்ளே குடும்பம் குடியிருந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, நிஜமாகவே ஆளை வெளியேற்றிச் சாவி வாங்குவது. இதற்குப் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்கவேண்டி வரும். முதல் வகையில் இருக்கும்போதே சொத்து ஏலத்துக்கு வந்துவிடலாம், வருது. அப்படி வாங்கினவர் பணம் முழுசாகக் கட்டின பிறகும் வீட்டுக்குள் கால் வைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது விற்பனை அறிவிப்பு. முதல் தடவை ஏலம் என்றால் 30 நாள் அவகாசம் தரணும். அது போணியாகாமல் மறுபடி ஏலம் விட்டால் 15 நாள். அறிவிப்பில் சொத்து விவரம், வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்கள், பாக்கித் தொகை, குறைந்தபட்ச விலை, முன்வைப்புத் தொகை எல்லாம் இருக்கணும். "வங்கிக்குத் தெரிந்த" என்ற வார்த்தையைக் கவனிங்க. தெரியாத வில்லங்கத்துக்கு வங்கி பொறுப்பாக நிற்காது. "உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்தில் இருக்கிறபடி" என்று அறிவிப்பின் தலையிலேயே போட்டிருப்பார்கள். பழைய சொத்துவரி, மின்கட்டண பாக்கி, வாடகைதாரர், பக்கத்து நிலத்துக்காரருடைய வழக்கு எதுவானாலும் வாங்குகிறவர் தலையில்.

கடன் வாங்கினவர் பக்கமும் ஒன்று சொல்லணும். 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அவர் முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கிற உரிமை ஏல நாள் வரைக்கும் கிடையாது. ஏல அறிவிப்பு வெளியாகிற நாளோடு அந்த வாசல் மூடிவிடும். "ஏலத்தன்னிக்குக் காலையில பணத்தோட போய் நின்னா விட்டுருவாங்க" என்ற பழைய நம்பிக்கை நம்ம ஊரில் இன்னும் நிறையப் பேருக்கு இருக்கு. அது இப்போ ஆபத்தான நம்பிக்கை. ஆபீஸ் டிவியில் அந்த வீட்டின் போட்டோ வரும்போது வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் நேரம் முடிந்திருக்கும்.

பணக் கணக்குக்கு ஒரு கற்பனை உதாரணம். குறைந்தபட்ச விலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கேட்கிற 10 சதவீத முன்வைப்பு 4 லட்சம். ஏலம் 46 லட்சத்தில் முடிகிறது. மொத்தத்தில் 25 சதவீதம், அதாவது 11.5 லட்சம், அன்றைக்கே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் வங்கிக்குப் போயாகணும். முன்வைப்பைக் கழித்தால் 7.5 லட்சம், ஒரே நாளில். மீதி 34.5 லட்சம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டலாம், அவ்வளவுதான். தவறினால் கட்டின 25 சதவீதமும் பறிபோகும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பறிமுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் கிடைத்துவிடும் என்று நம்பி ஏலத்தில் இறங்கி, காகிதச் சுவாதீனம் மட்டும் இருப்பதால் கடன் கிடைக்காமல் 11.5 லட்சத்தை விட்டால் எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்த டிவியைத் திரும்பப் பாருங்க. அதில் பெரிதாகத் தெரிவது என்ன? வீட்டின் போட்டோ, ஓடுகிற விலை, குறைகிற நேரம். மூன்றுமே கையைத் துறுதுறுக்க வைக்கிற சமாச்சாரங்கள். தெரியாதது என்ன? சுவாதீனம் எந்த வகை, வில்லங்கம் என்ன, நாளைக்கு மாலைக்குள் எவ்வளவு புரட்டணும். இதை யாரும் வேண்டுமென்றே மறைப்பதில்லை. ஏலத் தளத்தின் பக்கத்தை அப்படியே டிவிக்கு அனுப்பினால் அப்படித்தான் வரும். இந்த விவரமெல்லாம் வேறொரு பக்கத்தில், இணைப்பாகக் கிடக்கும் கோப்புக்குள் இருக்கு.

என் யோசனை ரொம்ப எளிமையானது. ஏலம் ஓடும் நேரத்தில் திரையை இரண்டாகப் பிரிங்க. இடது பக்கம் மூன்றில் இரண்டு பங்கில் தளத்தின் விலைப் பக்கம் ஓடட்டும். வலது பக்கம் ஒரு பங்கில், நீங்களே முன்கூட்டித் தட்டச்சு செய்து வைத்த நாலே வரி, அசையாமல் நிற்கட்டும். "உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள்" அல்லது "சாவி வங்கியிடம்". தெரிந்த வில்லங்கம் ஒரு வரி. வாடிக்கையாளர் ஏலத்துக்கு முன்னால் தானே சொன்ன உச்ச வரம்பு. நாளைக்குள் கட்டவேண்டிய தொகை. இந்த உச்ச வரம்பு சமாச்சாரத்துக்குத் தரகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். விலை ஏறினால் கமிஷனும் ஏறுமே. ஆனால் ஒரே ஊரில், ஒரே தெருவில் முப்பது வருஷம் ஆபீஸ் நடத்தணும் என்கிறவர் இதைச் செய்வார்.

கடன்காரர் பேர் மட்டும் வேண்டாம். விற்பனை அறிவிப்பில் பேர் வருது, அது விதி. ஆனால் உங்க சுவரில் வரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. செவ்வாய்ப்பேட்டை மாதிரி இடத்தில் வாடகை வீடு விசாரிக்க உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது "இது நம்ம இன்னாரோட வீடாச்சே" என்பதுதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பெரிய திரை வருவதற்கு முன்னால் நிலத்தின் ஜப்தி சேதியை ஊருக்குச் சொன்னது தமுக்கு. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், ஜப்தி உத்தரவை அந்த நிலத்திலோ பக்கத்திலோ பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கணும் என்று எழுதியே இருக்கு. நீதிமன்ற ஏலத்தில் 25 சதவீதம் உடனே, மீதி 15 நாளில் என்கிற கணக்கும் அந்தச் சட்டத்தில் இருக்கிறதுதான். தண்டோரா போடுகிற வேலையை மனிதர்கள் தலையில் கட்டக்கூடாது, ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்க என்று 2022 ஆகஸ்டில் தமிழக தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். சரியான காரியம். தமுக்கில் ஒரு குணம் மட்டும் உண்டு: வாங்குகிறவனுக்குக் கேட்டது எதுவோ, அதே வாக்கியம்தான் இழக்கிறவனுக்கும் கேட்டது.

இனி இஞ்ச் கணக்கு. கேட்டவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும்.

ஒலி-ஒளி துறைக்காரர்கள் '4-6-8' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். படத்தின் உயரத்தை எடுத்துக்கொள்ளணும், குறுக்களவை அல்ல. நுணுக்கமாகப் படிக்கவேண்டிய வரைபடம் என்றால் உயரத்தைப்போல் 4 மடங்கு தூரம் வரைதான் உட்காரலாம். சாதாரணமாகப் படித்துப் புரிந்துகொள்ள 6 மடங்கு. சும்மா வேடிக்கை பார்க்க 8 மடங்கு. 55 இஞ்ச் டிவியின் உயரம் சுமார் 27 இஞ்ச். ஆறால் பெருக்கினால் 162 இஞ்ச், அதாவது பதிமூன்றரை அடி. எஃப்எம்பி பார்க்கணும் என்றால் 9 அடிதான். 43 இஞ்ச் என்றால் படிக்கிறதுக்குப் பத்தரை அடி. இருபது அடி நீள அறையில் கடைசி நாற்காலிக்கும் தெரியணும் என்றால் 75 இஞ்ச்சே 18 அடியோடு நின்றுவிடும். ஆக, டிவியைப் பெரிதாக்குவதைவிட நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவது மலிவு.

"அப்போ எல்இடி சுவர் போட்டுடலாமா?" என்று ஒருத்தர் கேட்டார். கல்யாண மண்டபத்தில் வைக்கிறார்களே, அதுதான். இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். பி 2.5 என்று விற்கிற பலகையில், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். எட்டடி அகலம் என்பது ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர். வகுத்தால் 960 புள்ளி. உயரத்தில் 540. மொத்தம் சுமார் 5 லட்சத்து 18 ஆயிரம் புள்ளி. முழு ஹெச்டி டிவி, 32 இஞ்ச்சாக இருந்தாலும், அதில் 20 லட்சத்துக்கு மேல். ஃபோர்-கே டிவியில் 83 லட்சம். எட்டடிச் சுவர், உங்க வீட்டு டிவியின் நாலில் ஒரு பங்கு விவரத்தைத்தான் காட்டும், பெரிசு பெரிசாக.

இன்னொரு கணக்கும் போட்டேன், எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. சாதாரண ஏ-4 தாளில் இஞ்ச்சுக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 2,480-க்கு 3,508. பெருக்கினால் 87 லட்சம். ஃபோர்-கே டிவியைவிட ஒரு நாலு லட்சம் அதிகம்! அதனால் வில்லங்கச் சான்றும் வரைபடமும் திரையில் வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு பிரின்ட் கையில் கொடுங்க. போடியில் மாதிரித் தட்டு கைக்கு வருகிற மாதிரி.

புள்ளிக் கணக்கு தமிழுக்கு இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் ஊகித்துவிடலாம். நம்ம புல எண் உட்பிரிவில் 112/3அ என்பது ஒருத்தர் நிலம், 112/3ஆ என்பது இன்னொருத்தர் நிலம். அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் வித்தியாசம் கீழே ஒரு சின்னச் சுழி. அந்தச் சுழிக்கு எல்இடி சுவரில் இரண்டு மூன்று புள்ளிதான் கிடைக்கும்.

எண்களிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. வெளிநாட்டு அமைப்பில் இருக்கிற கணினி 1,25,00,000 என்பதை 12,500,000 என்று காட்டும். பத்தடி தள்ளி, பதற்றத்தில் இருக்கிறவருக்கு அது பன்னிரண்டு லட்சமா, ஒன்றேகால் கோடியா? அமைப்பை இந்திய முறைக்கு மாற்றிவிடுவது ஒரு நிமிஷ வேலை. கீழே எழுத்தால் "1 கோடியே 25 லட்சம்" என்று ஒருத்தர் தட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தாமதம். லேப்டாப்பிலிருந்து டிவிக்கு வயர் இல்லாமல் படத்தை அனுப்பினால் படம் ஒரு கணம் பின்தங்கித்தான் வரும். சினிமா பார்க்கத் தெரியாது, ஏலத்தின் கடைசி நிமிஷத்தில் தெரியும். பெரும்பாலான வங்கி ஏலங்களில் கடைசி சில நிமிஷத்துக்குள் புது விலை வந்தால் நேரம் தானாக இன்னும் சில நிமிஷம் நீளும். எத்தனை நிமிஷம் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். அதனால் நொடியில் போச்சு என்கிற ஆல்ஸ்மீர் நிலைமை நமக்கு இல்லை. ஆனால் திரையில் பழைய விலை நின்றுகொண்டிருக்க, "நாமதான் முன்னாடி இருக்கோம்" என்று எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கிற நிலைமை வரலாம். ஹெச்டிஎம்ஐ வயரே போடுங்க. பக்கம் கடைசியாகப் புதுப்பித்த நேரம் திரையில் தெரியட்டும். ஏலம் கேட்கிறவர் கண் மட்டும் லேப்டாப்பிலேயே இருக்கணும், டிவி மற்றவர்களுக்கு. யுபிஎஸ்ஸில் லேப்டாப்பை மட்டும் இல்லாமல் இணைய மோடத்தையும் மாட்டுங்க. கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், மோடம்தான் முதலில் சாகும்.

ஏலம் இல்லாத நாளில் அதே டிவி என்ன செய்யும்? மனை விளம்பரம் ஓட்டும். இதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டத்தில் 'விளம்பரம்' என்பதற்கு எந்த ஊடகத்தின் வழியாகவும் வருவது என்று விரிவாகவே அர்த்தம் சொல்லியிருக்கு. உங்க ஆபீஸ் சுவர் டிவியில் ஓடுகிற வீடியோவும் அதற்குள் வந்துவிடும் என்றுதான் நான் படிக்கிறேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்போ பதிவு பண்ணாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் பளிச்சென்று தெரியணும். விளம்பரத்தில் இருந்த பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க 12-ஆவது பிரிவில் உரிமை இருக்கு. ஆகவே வாடிக்கையாளராகப் போகிறவர்கள் அந்த வீடியோ ஓடும்போது போனில் இருபது நொடி படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பூங்கா, முப்பதடி ரோடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருக்குமில்லையா? பின்னால் உதவும்.

அனுமதி விஷயமும் அப்படித்தான். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், அதற்கடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். அதற்கப்புறம் 'டிடிசிபி அப்ரூவ்டு' என்பது எல்லாத் திரையிலும் மின்னுது. அனுமதி எண் கூடவே மின்னுதா என்று பாருங்க. அந்த எண் இல்லாமல் அந்த வார்த்தைக்கு மதிப்பு கிடையாது. ஓமலூர் ரோட்டு மனை வீடியோக்களில் விமானம் ஒன்று கட்டாயம் பறக்கும். காமலாபுரம் விமான நிலையத்தில் 2018-ல் சேவை மறுபடி தொடங்கி, பிறகு நின்று, 2023 அக்டோபரில் திரும்பவும் வந்தது. வீடியோவில் மட்டும் அது ஒருநாளும் நிற்கவில்லை.

செலவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வீட்டு டிவியை ஆபீசில் நாள் முழுக்க ஓட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்க. வணிக உபயோகத்துக்கென்று வரும் திரைகள் விலை கூட, ஆனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட என்றே செய்தவை. ஒரே கட்டம், ஒரே லோகோ மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றால், ஓலெட் வகையில் அந்தத் தடம் நிரந்தரமாகவே பதிந்துவிடும். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதாக இருந்தால், சேலத்து சித்திரை வெயிலுக்கு முன்னால் சாதாரண டிவியில் எதுவும் தெரியாது. அங்கே அச்சடித்த பலகையே போதும்.

ஏலம் முடிந்து நம்ம ஆள் ஜெயித்துவிட்டால் எல்லாரும் எழுந்து கைகொடுப்பார்கள், யாராவது ஸ்வீட் வாங்க ஓடுவார்கள். அந்த நேரத்தில் திரையை அணைக்காமல் இரண்டே வரி போடுங்க: 25 சதவீதத்தில் பாக்கி எத்தனை ரூபாய், அடுத்த வேலைநாள் எந்தத் தேதி. வெள்ளிக்கிழமை முடிந்த ஏலத்துக்கு மறுநாள் இரண்டாவது சனிக்கிழமையா என்று காலண்டரையும் ஒரு தடவை பார்த்துடுங்க. மீதிக்கான 15 நாள், வங்கி விற்பனையை உறுதிசெய்த தேதியிலிருந்து ஓடும். அந்தத் தேதி வந்ததும் மூன்றாவது வரியாக அதையும் சேர்த்து, பணம் கட்டி முடிகிற வரைக்கும் திரையின் ஓரத்தில் விட்டுவைக்கலாம்.